கடலே இல்லாத ஊரில் ஒரு சப்மரீன்

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு போட்டோ பார்த்தேன். பச்சைப் புல்வெளி, பக்கத்துல ரோடு, புல்லுக்கு நடுவுல கருப்பா 90 மீட்டர் நீளத்துக்கு ஒரு சப்மரீன். இடம், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கிற ஹோல்புரூக். மேப்பில் தேடினா, சுத்துவட்டாரத்துல கடலே இல்லை!

1915 வரைக்கும் அந்த ஊர் பேர் ஜெர்மன்டன். முதல் உலகப் போரில் ஜெர்மனி எதிரி நாடாயிடுச்சு. அந்தப் பேரோட ஊர் இருக்கலாமான்னு மாத்திட்டாங்க. புதுசா வச்சது, நார்மன் ஹோல்புரூக் என்கிற 26 வயசு பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியின் பேர். அவர் ஓட்டின பி11 என்கிற சப்மரீனோட கதைதான் இன்னைக்கு.

பி11, 1906-ல் இங்கிலாந்தின் பாரோ நகரத்தில் விக்கர்ஸ் கம்பெனி கட்டினது. நீளம் 43 மீட்டர், உள்ளே சுமார் 15 பேர், முன்பக்கம் ரெண்டு டார்பிடோ குழாய். தண்ணிக்கு மேலே பெட்ரோல் இன்ஜின், உள்ளே போனா பேட்டரியில் ஓடுற மோட்டார். மூடின இரும்புக் குழாய்க்குள்ள பெட்ரோல் ஆவி சேர்ந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. மயக்கம் வரலாம், ஒரு தீப்பொறி பட்டா வெடிக்கலாம். 1914-ல் போர் தொடங்கினப்போ டீசல் சப்மரீன்கள் வந்தாச்சு. பி11 அப்பவே பழசு.

அந்தப் பழசைத்தான் டார்டனெல்ஸுக்கு அனுப்பினாங்க. டார்டனெல்ஸ் என்பது துருக்கியில் இருக்கிற ஒரு குறுகலான ஜலசந்தி. இஸ்தான்புல்லுக்குப் போற கடல் வாசல். அங்கே ஓட்டோமான் படை கண்ணிவெடிகளை வரிசை வரிசையாகப் போட்டிருந்தது. போதாக்குறைக்கு, உள்ளே போறவங்களுக்கு எதிரா வலுவான நீரோட்டம். அங்கே காத்திருந்த சப்மரீன்களில் பி11-ஐத் தேர்ந்தெடுத்ததுக்கு ஒரு காரணம் ரொம்ப சாதாரணமானது: அதுக்குத்தான் அப்போ புது பேட்டரி மாத்தியிருந்தாங்க.

1914 டிசம்பர் 13. விடியறதுக்கு முன்னாடியே கிளம்பினாங்க. கண்ணிவெடியைக் கடலடியோட பிணைச்சிருக்கிற இரும்புக் கயிறு சப்மரீனில் மாட்டக் கூடாதுன்னு வெளியே தடுப்புக் கம்பிகள் பொருத்தியிருந்தாங்க. அதுல ஒண்ணு வளைஞ்சு போச்சு. மேலே வந்து அதைக் கழட்டிப் போட்டுட்டு மறுபடி மூழ்கினாங்க. அஞ்சு வரிசைக் கண்ணிவெடிகளுக்கு அடியில் போய், பெரிஸ்கோப்பைத் தூக்கிப் பார்த்தா, எதிரே மெசூதியே என்கிற போர்க்கப்பல் நங்கூரம் போட்டு நிக்குது.

மெசூதியே 1874-ல் கட்டி மிதக்கவிட்ட கப்பல். கட்டின ஊர் லண்டன்! 1914-ல் அதுல பெரிய பீரங்கிகளே கிடையாது; அந்த இடத்துல மரத்தில் செஞ்ச டம்மிதான் இருந்துச்சு. கண்ணிவெடி வரிசைக்குக் காவலா அதை நிறுத்தி வச்சிருந்தாங்க. ஹோல்புரூக் டார்பிடோவை விட்டார். அடி வாங்கின பிறகும் மெசூதியே பெரிஸ்கோப்பைக் குறிபார்த்துச் சுட்டது. சில நிமிஷத்துல கவிழ்ந்தது. உள்ளே மாட்டிக்கிட்ட சிலரை, கவிழ்ந்து கிடந்த கப்பலின் அடிப்பகுதியில் ஓட்டை போட்டு வெளியே எடுத்தாங்க. 37 பேர் இறந்தாங்க.

திரும்பி வரப் பார்த்தா பி11-ல் திசைகாட்டி தெரியலை. அதைப் பார்க்கிற கண்ணாடி மங்கிப் போச்சு. கடலடியில் உரசி உரசி, முழு வேகத்தில் ஓட்டித் தப்பிச்சாங்க. மொத்தம் ஒன்பது மணி நேரம் தண்ணிக்கு அடியில்.

ஹோல்புரூக்குக்கு விக்டோரியா கிராஸ் கிடைச்சது. சப்மரீன் அதிகாரி ஒருத்தர் அதை வாங்கினது அதுதான் முதல் தடவை. கூடப் போன எல்லாருக்கும் பதக்கம். பின்னாடி பரிசுத் தொகையும் வந்தது, மொத்தம் 3,500 பவுண்டு. எப்படிக் கணக்குப் போட்டாங்க தெரியுமா? எதிரிக் கப்பலில் இருந்த தலை ஒண்ணுக்கு 5 பவுண்டு!

கதை இங்கே முடிஞ்சிருந்தா அழகா இருந்திருக்கும். ஆனா மெசூதியே மூழ்கின இடத்துல ஆழம் அதிகமில்லை. துருக்கியர்கள் அதோட சின்ன பீரங்கிகளைக் கழட்டி எடுத்துக் கரையில் வச்சாங்க. அந்த அணிக்கு மெசூதியேன்னே பேர். 1915 மார்ச் 18-ல் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் ஜலசந்திக்குள்ள நுழையப் பார்த்தப்போ அந்தப் பீரங்கிகளும் சுட்டன. அன்னைக்கு மூணு பெரிய போர்க்கப்பல்கள் மூழ்கின. கண்ணிவெடிதான் பெரிய காரணம். ஆனாலும், 'மூழ்கடிச்சாச்சு'ன்னு கொண்டாடின கப்பல் கரையில் நின்னு திருப்பிச் சுட்டது என்பது எனக்கு மறக்க முடியாத விஷயம்.

பி11 என்ன ஆச்சு? 1917-ல் அதைத் தண்ணிக்கு மேலே மட்டும் ஓடுற ரோந்துப் படகா மாத்தினாங்க. 1919-ல் இத்தாலியில் வித்துட்டாங்க. ஹோல்புரூக் ஊர்ல இருக்கிற சப்மரீன் பி11 கிடையாது. அது ஆட்வே, ஆஸ்திரேலியக் கடற்படையில் பின்னாளில் ஓடினது. அதைக்கூட முழுசா வைக்கலை, தண்ணிக்கு மேலே தெரியுற பகுதி மட்டும்தான். அந்த நினைவுச் சின்னத்துக்கு ஹோல்புரூக்கின் மனைவி ஒரு லட்சம் டாலர் கொடுத்தாங்க.

ஆக, மனுஷன் பேர் ஊருக்கு வந்துடுச்சு. கப்பல் பழைய இரும்பாப் போயிடுச்சு. அந்த 37 பேர், அந்தப் புல்வெளியில நிக்கிறவங்க யாருக்கும் உடனே ஞாபகம் வராத ஒரு எண். இனிமே அந்த போட்டோவைப் பார்த்தா, போட்டோவுக்கு வெளியே இருக்கிற மெசூதியேவையும் சேர்த்துப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.