‘இலவசம்’ என்னும் சொல்லின் விலை: கடன் அறிக்கை வணிகத்தின் வரலாறு

நம்மைப் பற்றிப் பிறர் எழுதி வைத்திருக்கும் ஏட்டை நாமே படித்துப் பார்க்க ஏன் கட்டணம் செலுத்த வேண்டும்? இக்கேள்விக்கு அமெரிக்க நாட்டின் சட்டம் 2003ஆம் ஆண்டில் ஒரு விடை தந்தது: செலுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த விடையையே மூலதனமாக்கி ஒரு பெரும் வணிகம் எழுந்தது. ‘இலவசக் கடன் அறிக்கை’ என்ற அழைப்பின் பின்னால் மாதச் சந்தாவை ஒளித்து வைத்த அந்த வணிகத்தின் வரலாறு நம் குடும்பங்களுக்கும் பாடமாகும். இன்று நம் கைபேசிகளிலும் அதே அழைப்பு வந்து நிற்கின்றது.

பற்று நோட்டிலிருந்து பேரேட்டுக்கு

கடன் வாங்குவோரின் நாணயத்தை எழுதி வைப்பது புதிய வழக்கமன்று. மளிகைக் கடைக்காரரின் பற்று நோட்டும் ஒரு வகையில் கடன் அறிக்கையே. அந்த நோட்டைத் தொழிலாக மாற்றியவர்களுள் முன்னோடி நியூயார்க் நகரின் பட்டு வணிகர் லூயிஸ் டாப்பன். 1837இல் ஏற்பட்ட நிதி நெருக்கடியில் அவர் குடும்பத்தின் வணிகம் நொடித்தது. 1841இல் அவர் மெர்க்கன்டைல் ஏஜென்சி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். பல ஊர்களிலும் இருந்த செய்தியாளர்கள் வணிகர்களின் நாணயத்தைப் பற்றி எழுதி அனுப்பினர். அச்செய்திகள் கட்டணம் செலுத்திய வணிகர்களுக்கு மட்டும் காட்டப்பட்டன.

1899இல் அட்லாண்டா நகரில் வுல்ஃபோர்டு சகோதரர்கள் ரீட்டெயில் கிரெடிட் கம்பெனியை நிறுவினர். அது வணிகர்களை விட்டுச் சாதாரண வாடிக்கையாளர்களைப் பதிவு செய்தது. யார் உடனே பணம் கட்டுவார், யார் இழுத்தடிப்பார் என்ற குறிப்புகள் தொகுக்கப்பட்டு விற்கப்பட்டன. இந்த நிறுவனமே பிற்காலத்தில் ஈக்விஃபாக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. காலப்போக்கில் கடன் விவரத்தோடு குடிப்பழக்கம், இல்லற வாழ்க்கை, அக்கம்பக்கத்தார் சொன்ன வம்பு ஆகியவையும் இத்தகைய கோப்புகளில் ஏறின. எழுதப்பட்டவருக்கோ அந்தக் கோப்பைப் பார்க்க உரிமை இல்லை. தவறான ஒரு வரியால் கடனையோ காப்பீட்டையோ இழந்தவர், தாம் இழந்ததன் காரணத்தையே அறியாதிருந்தார்.

1970இல் இயற்றப்பட்ட நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. தம் கோப்பில் உள்ளதை அறியவும், பிழையை மறுக்கவும் மக்களுக்கு வழி பிறந்தது. ஆயினும் கடன் மறுக்கப்பட்டவர் போன்ற சிலருக்கே அறிக்கை இலவசமாகக் கிடைத்தது.

சட்டம் தந்த உரிமையும் சந்தை விரித்த வலையும்

2003 டிசம்பரில் நிறைவேறிய திருத்தச் சட்டம், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று பெரும் நிறுவனங்களும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இலவச அறிக்கை தர வேண்டும் என்று கட்டளையிட்டது. இதற்கென ‘ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட்’ என்ற ஒரே அதிகாரபூர்வத் தளம் 2004 டிசம்பரில் மேற்கு மாநிலங்களில் தொடங்கி, 2005 செப்டம்பருக்குள் நாடு முழுவதும் வந்து சேர்ந்தது.

இங்கேதான் குழப்பம் புகுந்தது. அதே காலத்தில் ‘ஃப்ரீ கிரெடிட் ரிப்போர்ட்’ என்ற பெயரில் வேறொரு தளம் தீவிரமாக விளம்பரம் செய்தது. அதை நடத்தியது எக்ஸ்பீரியனுக்குச் சொந்தமான கன்ஸ்யூமர் இன்ஃபோ என்ற நிறுவனம். இலவச அறிக்கையைத் தரக் கடமைப்பட்ட குடும்பத்தின் மற்றொரு கையே, ‘இலவசம்’ என்ற பெயரில் சந்தா விற்றது! அங்கே பதிவு செய்தவர் 30 நாள் சோதனைக் காலத்துக்குள் தாமாக விலகாவிட்டால், அவரது அட்டையில் ஆண்டுக் கட்டணமாக 79.95 டாலர் பிடிக்கப்பட்டது. அந்த நிபந்தனை தெளிவாகச் சொல்லப்படவில்லை என்று மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2005 ஆகஸ்டில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நிறுவனம் 9,50,000 டாலரை ஒப்படைக்கவும், பாதிக்கப்பட்டோருக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் இசைந்தது. அந்த ஆணையை மீறியதாக எழுந்த வழக்கில் 2007இல் மேலும் 3,00,000 டாலர் செலுத்தியது.

ஆயினும் விளம்பரம் ஓயவில்லை. இளைஞர் இசைக்குழு ஒன்று பாடும் தொலைக்காட்சி விளம்பரங்கள் நாடெங்கும் புகழ் பெற்றன. அவற்றைப் பகடி செய்து ஆணையமே 2009இல் காணொளி வெளியிட வேண்டியதாயிற்று. அவ்வாண்டு மே மாதம் இயற்றப்பட்ட கடன் அட்டைச் சட்டத்தின் கீழ் புதிய விதி வந்தது. 2010 ஏப்ரல் முதல், இலவச அறிக்கை என்று விளம்பரம் செய்யும் தளங்கள், அதிகாரபூர்வத் தளம் எது என்பதைப் பக்கத்தின் மேற்பகுதியில் பெரிதாக அறிவிக்க வேண்டும்.

நிறுவனம் என்ன செய்தது? அறிக்கைக்கு ஒரு டாலர் கட்டணம் வைத்து, அந்த டாலரை அறப்பணிக்கு அளிப்பதாக அறிவித்தது. கட்டணம் இருப்பதால் அது ‘இலவச’ அறிக்கை ஆகாது. ஆகவே அறிவிப்புப் பலகையும் தேவையில்லை! சட்டத்தின் எழுத்து காக்கப்பட்டது, அதன் நோக்கம் கைவிடப்பட்டது.

2017 ஜனவரியில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் டிரான்ஸ்யூனியன், ஈக்விஃபாக்ஸ் இரண்டின் மீதும் நடவடிக்கை எடுத்தது. இலவசம் என்றோ ஒரு டாலர் என்றோ அழைத்து, சோதனைக் காலம் முடிந்ததும் மாதம் 16 டாலருக்கு மேற்பட்ட சந்தாவில் மக்களைச் சேர்த்ததும் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. இரு நிறுவனங்களும் வாடிக்கையாளர்களுக்கு 1.76 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தரவும், 55 லட்சம் டாலர் அபராதம் செலுத்தவும் ஆணையிடப்பட்டது.

நம் நாட்டின் நிலை

இந்தியாவில் சிபில் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தோன்றியது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005இல் வந்தது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பரில் பிறப்பித்த ஆணைப்படி, 2017 ஜனவரி முதல் ஒவ்வொரு நிறுவனமும் தனிநபருக்கு ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஆக, நான்கு அறிக்கைகள் நம் உரிமை.

சந்தா வலைக்கும் நம் சட்டம் பெயர் சூட்டியிருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளுள் ‘சந்தாப் பொறி’யும் ஒன்று. தானியங்கிக் கட்டணம் பிடிக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் 15,000 ரூபாய் வரையிலான தவணைகளுக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்கப்படுவதில்லை. தொடக்கத்தில் ‘ஒரு ரூபாய்தானே’ என்று நாம் தரும் ஓ.டி.பி.யே, பின்வரும் மாதங்கள் அனைத்துக்கும் தந்த சம்மதமாக ஆகிவிடக் கூடும். அந்த முன்னறிவிப்புச் செய்தியைப் படிக்காமல் கடந்தால் பணம் போய்விடும்.

வரலாறு சொல்லும் எச்சரிக்கை

வட்டிக் கடனைத் தவிர்த்து வாழும் நம் குடும்பங்கள் பல, இந்த அறிக்கைக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று கருதுகின்றன. உறவினருக்கு ஜாமீன் கையெழுத்திட்டவரின் அறிக்கையில் அந்தக் கடனும் இடம்பெறும். நம் அடையாள ஆவணத்தைக் கொண்டு பிறர் கடன் பெற்றிருந்தால், அது வெளிப்படுவதும் அங்கேதான். எனவே ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்ப்பது நலம். நமது அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறைவதில்லை. பிழை கண்டால் முறையிடலாம். 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023இல் விதித்துள்ளது.

பார்க்கும் வழியில்தான் கவனம் தேவை. விளம்பர இணைப்புகளைத் தொடாமல், அந்தந்த நிறுவனத்தின் தளத்துக்கு நேரே சென்று ‘ஆண்டு இலவச அறிக்கை’ என்ற பகுதியைத் தேட வேண்டும். அடையாளத்தை உறுதி செய்ய பான் எண் கேட்பது இயல்பு. பணம் செலுத்தும் அட்டையையோ யு.பி.ஐ. ஒப்புதலையோ கேட்டால் அது வேறு வணிகம். முன்னரே சோதனைக் காலத்தில் சேர்ந்துவிட்டவர்கள் முடிவு நாளைக் குறித்து வைத்து, அதற்கு முன் சந்தாவை ரத்து செய்ய வேண்டும். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்குவது ரத்து ஆகாது. யு.பி.ஐ. செயலியின் ‘ஆட்டோபே’ பட்டியலையும் வங்கியின் தானியங்கிக் கட்டணப் பட்டியலையும் திறந்து பார்த்து, நாம் அறியாத ஒப்புதல்களை நீக்க வேண்டும். முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைகளுக்கும், கைபேசியில் வருவதையெல்லாம் நம்பும் முதியோருக்கும் இதை வீட்டிலேயே சொல்லித் தருவது நம் பொறுப்பு.

அபராதங்கள் வந்தன, விதிகள் வந்தன. ஒவ்வொரு விதிக்கும் ஒரு சந்து கண்டுபிடிக்கப்பட்டது. ஏமாறுபவரின் அறியாமையைவிட அவரது மறதியையே இந்த வணிகம் பெரிதும் நம்பியிருந்தது. மனமொப்பி வாங்குவதுதான் வணிகம். மறந்து போனதற்காகச் செலுத்துவது வணிகமாகாது. உரிமையாகக் கிடைப்பதற்குச் சோதனைக் காலம் தேவையில்லை. ‘இலவசம்’ என்ற சொல்லின் பக்கத்தில் நாட்கணக்கு ஒன்று எழுதப்பட்டிருந்தால், அங்கே விற்கப்படுவது வேறொன்று என்று நாம் அறிந்துகொள்வோமாக.