தட்டில் பிழைத்த இதயச் செல்கள்

போன மாசம் அத்தை ஒரு செய்தியை அனுப்பி, "இதைக் குடிச்சா பிபி மாத்திரையை நிறுத்திடலாமாடா?"ன்னு கேட்டாங்க. ஏதோ ஒரு செடியின் சாறு இதயச் செல்களைக் காப்பாற்றுகிறது, ஆய்வில் நிரூபணம் என்று போட்டிருந்தது. அந்த ஆய்வைத் தேடி எடுத்தேன். எதிர்பார்த்த மாதிரியே எச்9சி2.

எலிக் கருவின் இதயத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் அவை. கைம்ஸ், பிராண்ட் என்ற இருவர் 1976ல் வெளியிட்டார்கள். வளர்ப்பது சுலபம் என்பதால் ஆய்வகங்களில் பரவிவிட்டன. பேருதான் இதயச் செல், துடிக்காது! சோதனை சமையல் குறிப்பு மாதிரி: தட்டில் உள்ள செல்கள்மீது சாற்றை ஊற்று, சில மணி நேரம் கழித்து ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்று, எத்தனை செல் பிழைத்தது என்று எண்ணு.

இதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம் 1956ல் டென்ஹாம் ஹார்மன் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. உடம்பிலேயே உருவாகும் ஃப்ரீ ராடிகல்கள்தான் நம்மை மூப்படைய வைக்கின்றன என்றார். 1969ல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும், அந்த ராடிகல்களில் ஒன்றை அழிக்கவே செல்லுக்குள் ஒரு என்சைம் இருப்பதைக் காட்டினார்கள். அப்புறம் என்ன, ஆன்டிஆக்ஸிடன்ட் சாப்பிட்டால் போதும் என்ற நம்பிக்கை வளர்ந்தது.

2000ல் ரெண்டு அடி விழுந்தது.

முதல் அடி ஹோப் ஆய்வு. இதய ஆபத்து அதிகமுள்ள 9,000க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு இயற்கை வைட்டமின் ஈ, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. சராசரியாக நாலரை வருஷம். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் எதிலும் வித்தியாசமில்லை. அதே ஆய்வில் சோதித்த ராமிப்ரில் என்ற பிபி மாத்திரை பலன் தந்தது. இன்னும் சில வருஷம் தொடர்ந்து பார்த்து 2005ல் வெளியிட்டபோது, வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் இதயச் செயலிழப்பு சற்று அதிகமாகவே இருந்தது.

ரெண்டாவதைப் பத்தி யாரும் பேசுறதில்லை. எனக்கு அதுதான் சுவாரஸ்யம். சிங்கப்பூரில் பேரி ஹாலிவெல் குழு, கிரீன் டீயில் இருப்பது போன்ற பாலிஃபீனால்களை, செல்களே இல்லாத வெறும் வளர்ப்புத் திரவத்தில் போட்டுப் பார்த்தது. அவை அந்தத் திரவத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கின. எதிரியை விரட்டுவதாகச் சொன்ன பொருளே தட்டுக்குள் எதிரியைத் தயாரிக்கிறது! முதலில் கொஞ்சம் பெராக்சைடு பட்டுப் பழகிய செல், பிறகு வரும் பெரிய தாக்குதலைத் தாங்கக்கூடும். அப்போ பிழைக்க வைத்தது சாறா, பெராக்சைடா?

தட்டில் ஊற்றும் அளவு நம் ரத்தத்தை எட்டுவதும் இல்லை. குடித்ததில் சிறு பகுதிதான் உள்ளே போகிறது, அதையும் குடலும் கல்லீரலும் வேறொன்றாக மாற்றிவிடுகின்றன. உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் அளவைப் பட்டியலிட்டிருந்த அமெரிக்க வேளாண் துறை, அந்த எண்களுக்கும் உடம்பில் நடப்பதற்கும் தொடர்பில்லை என்று 2012ல் பட்டியலையே எடுத்துவிட்டது. பாட்டில் லேபிள்களில் அந்த எண்ணை அதற்குப் பிறகும் பார்த்திருக்கிறேன்.

அத்தைக்கு இவ்வளவும் எழுதவில்லை. "மாத்திரையை நிறுத்தாதீங்க, ஜூஸ் பிடிச்சிருந்தா குடிங்க"ன்னு மட்டும் அனுப்பினேன். "கசக்குதுடா"ன்னு பதில் வந்துச்சு.