வெள்ளைவால் மான் மேலாண்மை: டெக்சஸின் தனியார் வேட்டை நிலங்கள்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், தனியார் நிலங்களில் வாழும் வெள்ளைவால் மான்களை வேட்டைக்காகப் பேணும் முறை இது. புதர்க்காட்டைச் சீர்படுத்துவது, தீவனம் வைப்பது, ஆண்டுதோறும் தலை எண்ணி உபரியைச் சுட்டுக் குறைப்பது எல்லாம் இதில் அடங்கும். டெக்சஸ் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தனியார் கையில் இருக்கிறது. மாநிலத்தின் வெள்ளைவால் மான்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது அரசுத் துறையின் மதிப்பீடு. நிலம் பண்ணையாருடையது, வேலியும் தீவனமும் அவர் காசில் வந்தவை, மான் மட்டும் மாநில மக்களின் பொதுச் சொத்து. இந்த முறை கண்ட திருப்பங்கள் பலவற்றுக்கும் இந்தச் சட்டச் சிக்கலே வேர்.

இங்கிலாந்தில் நிலைமை வேறாக இருந்தது. நார்மானியர் காலம்தொட்டு அங்கே பிரபுக்கள் ஓக் மரப் பலகைகளால் வேலியிட்டு மான் பூங்காக்கள் அமைத்தார்கள். வெளியிலிருக்கும் மான் உள்ளே குதிக்கலாம், உள்ளே வந்தது திரும்பிப் போக முடியாது என்னும்படி வேலியோரம் சரிவும் பள்ளமும் வெட்டிய இடங்களும் உண்டு. குளிர்காலத்தில் காவலர்கள் ஹோலி, ஐவி தழைகளை வெட்டிப் போடுவார்கள். அடைபட்ட மான் பூங்காக்காரரின் உடைமை. குடியேறிகள் அமெரிக்காவுக்குப் போனபோது இந்த உரிமை உடன் போகவில்லை.

பொதுச் சொத்துக்குக் காவல் யார்? 19-ம் நூற்றாண்டின் இறுதியில் யாருமில்லை. இறைச்சிக்கும் தோலுக்குமாகச் சுட்டுத் தள்ளியதில், 1900 வாக்கில் நாடு முழுவதும் சில லட்சம் வெள்ளைவால் மான்களே எஞ்சியிருந்தன. தென் டெக்சஸின் கிங் பண்ணையில் சீசர் கிளெபர்க் என்பவர், அரசு விழித்துக்கொள்ளுமுன்பே, அந்தப் பண்ணை நிலத்தில் வேட்டைக்குக் கட்டுப்பாடு விதித்தார். 1933-ல் ஆல்டோ லியோபால்டின் ‘கேம் மேனேஜ்மென்ட்’ நூல் வெளிவந்து, வேட்டை விலங்குப் பராமரிப்பைத் தனித் துறையாக்கியது. துப்பாக்கி, தோட்டா மீதான வரியை வனவிலங்குப் பணிக்கு ஒதுக்கிய பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் 1937-ல் வந்தது. அந்தப் பணத்தில் மான்களைப் பிடித்துக் காலியான இடங்களில் விட்டார்கள்.

ஆனால் டெக்சஸில் மான் பெருகியதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று ஒரு ஈயின் ஒழிவு. திருகுப்புழு ஈ ஈரக் காயத்தில் முட்டையிடும். புழு உயிருள்ள சதையைத் தின்னும். பிறந்த மான்குட்டியின் தொப்புள் புண்ணே அதற்குப் போதும். மாடுகளைக் காக்க, 1962-ல் மிஷன் நகரில் ஓர் ஆலை அமைத்து, கதிர்வீச்சால் மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் வானிலிருந்து தூவினார்கள். பெண் ஈ ஒரே முறைதான் இணையும். மலட்டு ஆணோடு இணைந்தால் சந்ததி இல்லை. மாட்டுக்காரர்களுக்காகச் செய்த வேலையில் மான்குட்டிகளும் பிழைத்தன. சில பத்தாண்டுகளில் எட்வர்ட்ஸ் பீடபூமியில் மான்கள் நிலம் தாங்காத அளவுக்குப் பெருகி, உடல் சிறுத்து, வறட்சி ஆண்டுகளில் கூட்டமாகப் பட்டினியில் செத்தன.

குறைவாக இருந்தபோது உருவான வழக்கம் இப்போது இடைஞ்சலானது. பெட்டை மானைச் சுடுவது பாவம் என்றே வேட்டைக்காரர்கள் வளர்ந்திருந்தார்கள். கொம்புள்ள ஆணை இளமையிலேயே சுட்டுவிட்டுப் பெட்டைகளை விட்டுவைத்தால் என்ன ஆகும்? மந்தை பெருகும், மேய்ச்சல் சுருங்கும், பெரிய கொம்போடு ஓர் ஆணும் தேறாது. அல் பிரதர்ஸ், மர்ஃபி ரே இருவரும் 1975-ல் எழுதிய ‘புரொட்யூசிங் குவாலிட்டி ஒயிட்டெயில்ஸ்’ இந்த வழக்கத்தை நேரடியாக எதிர்த்தது. பெட்டைகளைக் குறையுங்கள், ஆண்களுக்கு வயதாக விடுங்கள், நிலம் தாங்கும் அளவோடு நிறுத்துங்கள் என்பது அதன் சாரம். ஆண் மானின் கொம்பு முழு வளர்ச்சி அடைவது ஐந்து முதல் ஏழு வயதில். அதுவரை துப்பாக்கியை இறக்கி வைப்பதுதான் இம்முறையில் ஆகக் கடினமான பகுதி.

அதே காலத்தில், 1974-ல், அரசின் கெர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில் பட்டி மான்களை வைத்துச் சோதனை தொடங்கியது. 16 விழுக்காடு புரதம் உண்டவற்றைவிட 8 விழுக்காடு உண்டவற்றுக்குக் கொம்பு சிறுத்தது. பரம்பரைக்கும் பங்குண்டு என்றும் அச்சோதனைகள் காட்டின. கிளைக்காத ஒற்றைக் கொம்புள்ள இளம் ஆண்களைக் கழித்துவிடலாமா என்ற சண்டை அங்கே பிறந்தது, இன்னும் தீரவில்லை.

தீவனப் பெருக்கம் இதன் பிறகு வந்தது. மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்து, வசந்தத்திலிருந்து கோடை முடிவுக்குள் புதிதாக வளர்க்கிறது. பெட்டைக்கும் அப்போதுதான் சினையும் பால் சுரப்பும். எனவே புரதத் தீவனம் வைக்கும் பருவம் அது. பரவலாக வைப்பது 16 முதல் 20 விழுக்காடு புரதமுள்ள குச்சித் தீவனம். நம் ஊரில் மாட்டுக்கு ஆட்டிப் போடும் பருத்திக்கொட்டையை அங்கே முழுசாகக் கம்பிக் கூண்டில் கொட்டிவைக்கிறார்கள். ரக்கூன்களும் காட்டுப்பன்றிகளும் அதை அதிகம் சீண்டுவதில்லை. மக்காச்சோளத்தின் கதை வேறு. நேரம் வைத்த கருவி விடியலிலும் அந்தியிலும் அதைச் சுழற்றி இறைக்கும். அதில் புரதம் குறைவு. மானை வேட்டைக்காரரின் மறைவிடத்தின் முன்னே வரவழைப்பதே அதன் வேலை. தீவனம் என்று சொன்னாலும் அது இரைதான். பழகாத மான் ஒரேயடியாகத் தின்றால் வயிற்றில் அமிலம் ஏறிச் செத்தும் போகும். பூஞ்சை பிடித்த சோளத்தில் அஃப்ளடாக்சின் நஞ்சு வேறு. தீவனம் எவ்வளவு கொட்டினாலும் மான் இலைதழை மேய்வதை விடுவதில்லை. ஆகவே தீவனத்தை நம்பி மந்தையைப் பெருகவிட்ட பண்ணைகளில் குவாஹியோ போன்ற நல்ல புதர்கள் மொட்டையாகின.

இவ்வளவு செலவழித்து வளர்த்த மான் பக்கத்துப் பண்ணைக்குத் தாவிப் போனால்? அதற்குத்தான் 8 அடிக் கம்பிவலை வேலி. வேலி போட்டாலும் மான் சொந்தமாகிவிடாது. வேட்டைக் காலமும் எண்ணிக்கையும் அரசு சொல்வதே. நிலத்தில் கால் வைக்கும் உரிமையைத்தான் பண்ணையார் விற்கிறார். இதே வேலிக்குள் புள்ளிமானும் நிற்கும். இந்தியப் புள்ளிமான்கள் 1932-ல் டெக்சஸில் விடப்பட்டன. வெளிமானும் நீலகாயும்கூட அங்கே உண்டு. அயல் இனம் என்பதால் சட்டப்படி அவை கால்நடை: உரிமையாளர் ஆண்டு முழுதும் சுடலாம், விற்கலாம். தழை தீர்ந்தால் புல்லுக்கு மாறிவிடும் இத்தகைய அயல் இனங்களோடு வெள்ளைவால் மானால் போட்டியிட முடியவில்லை. கெர்ரில் 1971-ல் 96 ஏக்கர் அடைப்பில் ஆறு வெள்ளைவால் மான்களையும் அயல் இனமான சிக்கா மான்கள் ஆறையும் விட்டார்கள். 1979-ல் சிக்கா 62. வெள்ளைவால் ஒன்றுகூட இல்லை.

வேட்டைப் பதிவுகளுக்குப் பெயர்போன பூன் அண்ட் கிராக்கெட் சங்கம், தப்ப முடியாத வேலிக்குள் சுட்ட மானைத் தன் ஏட்டில் சேர்ப்பதில்லை. நியாயம்தான். ஆனாலும் வேலிகள் குறையவில்லை. 1995-ல் வாக்காளர்கள் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தம், வேளாண் வரிச் சலுகை பெற்றுவந்த நிலத்தில் மாட்டுக்குப் பதில் வனவிலங்கைப் பேணினாலும் அச்சலுகை தொடர வழிசெய்தது. ஏழு பணிகளில் மூன்றைச் செய்தால் போதும். தீவனமிடல் அவற்றில் ஒன்று.

நாள்பட்ட மெலிவு நோய் இந்த ஏற்பாட்டை ஆட்டிவைத்தது. 1967-ல் கொலராடோ ஆய்வுப் பட்டியில் முதலில் தென்பட்ட இந்நோய், உருக்குலைந்த பிரியான் புரதத்தால் வருகிறது. மூளை சிதைந்து, மான் மெலிந்து சாகும், மருந்தில்லை. எச்சில், சிறுநீர், சாணம் வழியே பரவி, மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். டெக்சஸில் 2012-ல் ஹூவெக்கோ மலையின் கழுதைக்காது மான்களிலும், 2015-ல் மெடினா மாவட்ட இனப்பெருக்கப் பட்டி ஒன்றின் வெள்ளைவால் மானிலும் கண்டறிந்தார்கள். கொம்புக்காகப் பட்டியில் பெருக்கிய மான்களை லாரியில் ஏற்றிப் பண்ணை பண்ணையாக அனுப்பும் வணிகம் அதன்பின் பரிசோதனை விதிகளில் சிக்கியது. 1974 முதல் பேணிவந்த கெர் ஆய்வு மந்தையிலேயே 2023-ல் சந்தேகம் எழுந்தபோது, துறை அந்த மந்தை முழுவதையும் கொன்றது.

பல மான்கள் ஒரே தொட்டியில் வாய் வைப்பது நோய்க்கு வழி என்று சில மாநிலங்கள் தீவனமிடுவதையே தடைசெய்துவிட்டன. டெக்சஸில் அத்தகைய பொதுத் தடை வரவில்லை. வரிச் சலுகைப் பட்டியலிலும் தீவனமிடல் அப்படியே இருக்கிறது.