மன்னாரில் காற்றாலை கட்டக் கிடைக்கும் சில மாதங்கள்

மன்னார் தீவின் கரையில் காற்றாலை நிறுத்த வரும் ஒப்பந்தக்காரர் முதலில் நாட்காட்டியைத்தான் எடுக்க வேண்டும். மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம் வீசும். அந்தக் காற்றை நம்பித்தான் திட்டமே வருகிறது; ஆனால் காற்று மிஞ்சிய நாளில் பாரந்தூக்கியால் இறகுகளை மேலே ஏற்ற முடியாது. ஒக்ரோபரில் மாரி தொடங்கும். மத்திய ஆசிய வான்பாதை வழியாக இடம்பெயரும் பறவைகளும் அதே நாட்களில்தான் வந்திறங்கி, ஏப்ரல் அளவில் திரும்புகின்றன. காற்று, மழை, பறவை மூன்றையும் கழித்தால் நிம்மதியாக வேலை செய்ய எஞ்சுவது மிகச் சில வாரங்கள்.

இந்தக் கட்டுப்பாடுகளுக்குச் சட்ட அடிப்படை 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம். 1988இல் வந்த திருத்தம் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. எந்தெந்தத் திட்டங்களுக்கு அது தேவை என்பதை 1993 வர்த்தமானி வரையறுத்தது. மதிப்பீட்டறிக்கை 30 வேலைநாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். பிறகு அனுமதி கிடைத்தால், அது நிபந்தனைகளோடுதான் கிடைக்கும். இடையில் திட்டத்தை மாற்றினால் அனுமதி தந்த நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். தேவைப்பட்டால் புதிய அனுமதியும் பெற வேண்டும்.

தீவின் தென்கரையிலுள்ள தம்பபவனி, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் இலங்கை மின்சார சபை கட்டியது. 30 சுழலிகள், 103.5 மெகாவோட், 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. பறவைகள் நெருங்கும்போது சுழலியை நிறுத்த உதவும் ராடர் முறையும் அங்கே வந்தது. கடன் கொடுப்பவரும் சூழலியலாளரும் பறவையைப் பற்றிக் கேட்டார்கள், பறவைக்கு ஒரு கருவி கிடைத்தது. மழைநீருக்கு அப்படிக் கேட்பவர் குறைவு.

ஆனால் கட்டுமானத்தில் சிக்கல் தொடங்குவதே தண்ணீரில்தான். சுழலியின் பாகங்கள் நீளமானவை, பாரமானவை. அவற்றைக் கொண்டுவர வீதியை அகலமாக்கி, உயர்த்தி, இறுக்க வேண்டும். பாரந்தூக்கி நிற்கவும் இறுகிய தளம் வேண்டும். மன்னாரோ தட்டையான மணல் தீவு. அரை அடி மேடு கூட தண்ணீரின் போக்கை மாற்றிவிடும். மாரிக்கு முன் மதகுகள் சரியான இடத்தில், சரியான மட்டத்தில் வைக்கப்படாவிட்டால் புதிய வீதி அணைக்கட்டாகிவிடும். அந்த மட்டத்தை ஊரில் பிறந்தவருக்குத் தெரியும். வரைபடத்தில் சில வேளை தெரியாது. 2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கியபோது, முன்பு வந்த காற்றாலைகளுக்குப் பின் வெள்ளம் வடியாமல் நிற்கிறது என்பதும் அவர்களின் முறைப்பாடுகளில் ஒன்று.

நிலத்தடி நீர் இன்னொன்று. மணலுக்குள் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நன்னீர் மிதக்கிறது. அத்திவாரக் குழியைக் காயவைக்க அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறி, அயல் கிணறுகள் கெடலாம். எனவே இறைக்கும் அளவையும், அயல் கிணறுகளின் உவர்த்தன்மையையும் வேலை தொடங்கும் முன்னரே பதிந்துவைப்பது அவசியம். முன்பதிவு இல்லையென்றால் பின்னர் யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. (பெண் பனையைத் தறிக்கத் தனி அனுமதி வேண்டும் என்பதை ஊரில் எல்லோருக்கும் தெரியும், கிணற்றுக்கு அப்படி ஒரு காவல் இல்லை.)

நல்ல முகாமையாளர் இவற்றையெல்லாம் ஒப்பந்தத்தின் விலைப்பட்டியலிலேயே சேர்த்துவிடுவார். மதகுக்கும் கிணற்றுப் பரிசோதனைக்கும் தனி வரி, தனிப் பணம் இருந்தால் அவை நடக்கும். "சுற்றாடல் நிபந்தனைகளைப் பின்பற்றவும்" என்ற ஒற்றை வரியில் அடக்கினால், காலதாமதம் நெருக்கும்போது முதலில் வெட்டப்படுவது அவைதான்.

அனுமதிக் கடிதமும் அதன் நிபந்தனைகளும் அரச ஆவணங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அவற்றைக் கேட்கலாம்; 14 வேலைநாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். கேட்பதானால் முதல் லொறி வருவதற்கு முன்னரே கேட்க வேண்டும். கூடவே மதகுகளின் எண்ணிக்கையையும் அவை வைக்கப்படும் இடங்களையும் கேளுங்கள்.