எண்ணூறு மீட்டர்: நார்வேயின் விடெரோ விமானங்களும் அவற்றின் பாதுகாப்பு வரலாறும்

1982 மார்ச் முதல் 1993 அக்டோபர் வரையிலான பதினொன்றரை ஆண்டுகளில் நார்வேயின் விடெரோ நிறுவனத்தைச் சேர்ந்த நான்கு பயணி விமானங்கள் நொறுங்கின. 62 பேர் இறந்தனர். அதற்குப் பிந்தைய முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அந்நிறுவனத்தின் விமான விபத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. பறப்பது அதே ஊர்களுக்குத்தான். மலையும் பனிக்காற்றும் அவையேதான், பல இடங்களில் ஓடுதளத்தின் நீளமும் அதேதான். அப்படியானால் எது மாறியது? நல்ல விமானிகள் வாய்த்தார்கள் என்று சொல்லி இந்தக் கேள்வியைக் கடந்துவிட முடியாது. விபத்துக்கு முன்பும் அவர்கள் நல்ல விமானிகள்தான்.

விடெரோ 1934 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. விகோ விடெரோவும் அவருடைய நண்பர்களும் சிறு விமானங்களை வைத்துக்கொண்டு வாடகைப் பயணம், நோயாளிகளை ஏற்றிச் செல்லுதல், வான்வழிப் படமெடுப்பு எனக் கிடைத்த வேலையையெல்லாம் செய்தார்கள். 1936-37இல் லார்ஸ் கிறிஸ்டென்சனின் அண்டார்டிகா பயணத்தில் கடற்கரையைப் படமெடுத்த விமானியும் விகோதான். போருக்குப் பின் நிறுவனம் வடக்கே நகர்ந்தது. அங்கே ஓடுதளம் கிடையாது, ஆனால் ஃபியோர்டு எனப்படும் கடற்கழிகள் ஊருக்கு ஊர் உண்டு. எனவே 1950களில் ஓட்டர் வகை மிதவை விமானங்கள் தண்ணீரிலேயே இறங்கி ஏறின. விகோவின் மகள் தூரி இந்த மிதவை விமானங்களை ஓட்டியவர்தான். 1969இல் எஸ்.ஏ.எஸ். விமான நிறுவனத்தில் பெண் விமானியாகச் சேர்ந்து உலகக் கவனம் பெற்றார்.

மிதவை விமானத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு. இருட்டில் அதை இறக்க முடியாது. வடநார்வேயிலோ குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் எழுவதில்லை. மருத்துவமனையும் மேல்படிப்பும் தொலைவில் இருந்த ஊர்களுக்கு இது வசதி சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் இருக்கவில்லை. இந்த நிலையில்தான் அரசு ஒரு கணக்குப் போட்டது. பெரிய ஓடுதளம் எல்லா ஊருக்கும் கட்டுப்படியாகாது. மலைக்கும் கடலுக்கும் இடையில் அதற்கு இடமும் இல்லை. ஆனால் கனடாவின் ட்வின் ஓட்டர் என்ற 19 இருக்கை விமானம் 800 மீட்டரில் ஏறி இறங்கிவிடும். 1968 ஜூலை 1 அன்று புரொன்னெய்சுந்த், சாண்ட்நெஸ்ஷோன், மோ இ ராணா, நம்சோஸ் ஆகிய நான்கு ஊர்களிலும் அத்தகைய குறு ஓடுதளங்கள் திறக்கப்பட்டன. 1970களில் மேற்குக் கரை, லோஃபோட்டன் தீவுகள், வடகோடியான பின்மார்க் என இந்த வலை விரிந்தது. வழித்தட நட்டத்தை அரசு மானியம் ஈடுகட்டியது.

தமிழ் வாசகருக்கு இந்த ஊர்ப்பெயர்கள் முற்றிலும் அந்நியமல்ல. 1980களில் பின்மார்க்கின் மீன் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த ஈழத்தமிழர் பலர் இந்தக் குறு ஓடுதளங்கள் வழியாகத்தான் வெளியுலகுக்குப் போய்வந்தார்கள்.

எண்ணூறு மீட்டர் என்ற அந்த முடிவு மூன்று விஷயங்களைச் சேர்த்தே முடிவு செய்துவிட்டது. எந்த வகை விமானம் அங்கே வரலாம் என்பதை அது நிர்ணயித்தது. ஓடுதளங்கள் கிடைத்த இடத்தில், மலையடிவாரத்திலும் தீவின் விளிம்பிலும் அமைந்தன; ஆகவே மலைமுகட்டில் மோதிச் சுழன்று கீழிறங்கும் காற்றை விமானம் சந்தித்தே தீரவேண்டும். பெரிய விமான நிலையங்களில் இருப்பதுபோல விமானத்தைச் சரிவுக்கோட்டில் பிடித்துக் கீழே கொண்டுவரும் கருவியை இந்நிலப்பரப்பில் பல இடங்களில் நிறுவ முடியவில்லை. விமானிகள் தொலைவைப் பார்த்து, உயரத்தைப் பார்த்து, படிப்படியாகத் தாங்களே இறங்கவேண்டும். பின்னால் நடந்த நான்கு விபத்துகளில் இரண்டு காற்றால் வந்தவை, இரண்டு படி தவறியவை.

1982 மார்ச் 11. பெர்லெவோக்கிலிருந்து மெகாம்ன் நோக்கிப் போன ட்வின் ஓட்டர் பாரன்ட்ஸ் கடலில் விழுந்தது. 15 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கடுமையான காற்றுக் கொந்தளிப்பில் வால்பகுதி உடைந்தது என்பது முதல் விசாரணைக் குழுவின் முடிவு. ஆனால் அதே நாட்களில் வடநார்வேயில் நேட்டோ போர்ப்பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சோவியத் எல்லைக்கு அருகே கூட்டணி நாடுகளின் விமானங்கள் 24ஆம் தீர்க்கரேகைக்குக் கிழக்கே பறப்பதில்லை என்பது நார்வே தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. பிரித்தானிய ஹாரியர் போர்விமானம் ஒன்று அதை மீறி வந்து மோதியது, அதை மூடி மறைக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. போர்விமானத்தைக் கண்டதாகச் சொன்ன சாட்சிகள் இருந்தார்கள். விசாரணை மீண்டும் திறக்கப்பட்டது, மூடப்பட்டது, மறுபடி திறக்கப்பட்டது. கடைசியில் நாடாளுமன்றமே ஒரு குழுவை அமைத்தது. ஹாரியருக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்று 2005இல் அது அறிக்கை தந்தது. ஆக மொத்தம் நான்கு விசாரணைகள், இருபத்துமூன்று ஆண்டுகள்.

இறந்தவர்களின் உறவினரது சந்தேகத்தை நான் எள்ளவில்லை. பனிப்போர்க் காலத்து அரசுகள் மறைத்தவை ஏராளம். ஆனாலும் இந்த விவாதத்துக்கு ஒரு விலை இருந்தது என்பது என் கணிப்பு. ‘மோதியவன் யார்’ என்ற கேள்வி ஊரெங்கும் ஒலித்தபோது, ‘இந்த விமானத்தின் வால் இந்தக் காற்றை எவ்வளவு தாங்கும், எந்த வேகத்துக்கு மேல் பறக்கவே கூடாது’ என்ற கேள்வி ஓரத்துக்குப் போயிற்று. எட்டு ஆண்டுகள் கழித்து அது திரும்பி வந்தது. 1990 ஏப்ரல் 12 அன்று லோஃபோட்டனின் வாரோய் தீவிலிருந்து பலத்த காற்றில் கிளம்பிய ட்வின் ஓட்டரின் வால்பகுதி சிதைந்தது. கட்டுக்கடங்காமல் கடலில் விழுந்த அந்த விமானத்தில் இருந்த ஐவரும் இறந்தனர். அதே வகை விமானம், அதே வால்பகுதி, அதே காற்று.

வாரோயில் மர்மம் இல்லை, அதனால் முடிவும் விரைவாக வந்தது. செங்குத்துப் பாறைகளின் காலடியில், 1986இல்தான் திறக்கப்பட்ட அந்த ஓடுதளத்துக்கு மீண்டும் விமானம் போகவே இல்லை. இன்று அத்தீவுக்கு ஹெலிகாப்டர் போகிறது. ஒரு நிலையத்தைக் கட்டி நான்கே ஆண்டில் ‘இது இங்கே இருந்திருக்கக் கூடாது’ என்று கைவிடுவது எந்த அரசுக்கும் எளிதல்ல. இந்த வரலாற்றில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த பாதுகாப்பு முடிவு அதுதான் என்பேன்.

மற்ற இரு விபத்துகளிலும் விமானத்தில் பழுதே இல்லை. 1988 மே 6 மாலை, டேஷ் 7 வகை விமானம் ஒன்று டிரோன்ஹெய்மிலிருந்து நம்சோஸ் வழியாகப் புரொன்னெய்சுந்த் சென்றது. நம்சோஸில் 16 பேர் இறங்கிக்கொண்டார்கள். மீதமிருந்த 36 பேரோடு பனிமூட்டத்தில் இறங்கத் தொடங்கிய விமானம் டோர்காட்டன் மலையில் மோதியது. நடுவே இயற்கையாகத் துளை விழுந்த மலை அது. பூதம் எய்த அம்பு துளைத்த ஓட்டை என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். அனைவரும் இறந்தனர். இறங்குபாதையின் ஒரு படியைச் சுமார் நான்கு கடல் மைல் முன்னதாகவே விமானிகள் இறங்கிவிட்டார்கள் என்று விசாரணை கண்டது. விமானியறையின் கூடுதல் இருக்கையில் பயணி ஒருவர் அமர்ந்திருந்தார், பேச்சும் நடந்துகொண்டிருந்தது. ஒருவர் உயரத்தைச் சொல்ல மற்றவர் சரிபார்க்கும் ஒழுங்கு தளர்ந்திருந்தது. அறிக்கை இறந்த விமானிகளோடு நின்றுவிடவில்லை. நிறுவனத்தின் நடைமுறைகளையும் உள்தணிக்கையையும் குறை கூறியது.

சொன்னது போதவில்லை. 1993 அக்டோபர் 27 இரவு, நம்சோஸை நெருங்கிய ட்வின் ஓட்டர் இருட்டில் ஓடுதளத்துக்கு முன்பாகவே ஓவர்ஹாலாப் பகுதிக் குன்றில் மோதியது. இருந்த 19 பேரில் இரு விமானிகளும் நான்கு பயணிகளும் இறந்தனர். எங்கே இருக்கிறோம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்ற நினைவு விமானிகளிடம் நழுவியிருந்தது. விசாரணை மறுபடியும் நிறுவனத்தின் பயிற்சியையும் நடைமுறைக் கட்டுப்பாட்டையும் சுட்டியது. ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே பாடத்தை இரண்டு முறை எழுதவேண்டி வந்தது என்றால், முதல் முறை அது காகிதத்தைத் தாண்டவில்லை என்றே கொள்ளவேண்டும்.

மாற்றங்கள் 1990களில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு விபத்துக்கும் புதுக்குழு தேடும் வழக்கம் போய், விமான விபத்துகளை ஆராயும் நிலையான அமைப்பு 1989இலேயே உருவாகியிருந்தது. இறங்கும் வேளையில் விமானியறையில் வேலைப் பேச்சு மட்டுமே என்ற விதி இறுகியது. டேஷ் 8 விமானங்கள் படிப்படியாக ட்வின் ஓட்டரின் இடத்தைப் பிடித்தன. காற்றழுத்தம் காக்கப்பட்ட, 39 பேர் செல்லும், மேலான கருவிகள் கொண்ட விமானம் அது. சரிவுக்கோடு காட்டும் கருவி நிறுவ முடியாத இடங்களுக்குச் செயற்கைக்கோள் வழி ஒரு மாற்று தேடப்பட்டது. தரையில் உள்ள நிலையம் செயற்கைக்கோள் குறிப்பைத் திருத்தி விமானத்துக்கு அனுப்பும். விமானி படி எண்ணி இறங்காமல் ஒரே சீரான சரிவில் வரலாம். அந்த முறை 2007இல் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்த இடம் புரொன்னெய்சுந்த்.

இவற்றில் பாதிக்கு மேல் விமான நிறுவனத்தின் கையில் இல்லாதவை என்பதைக் கவனிக்கவேண்டும். ஓடுதளமும் வழிகாட்டும் கருவியும் அரசுடையவை, விசாரணையும் அரசுடையது, வழித்தடத்துக்குப் பணம் தருவதும் அரசே. பாதுகாப்புப் பதிவேட்டில் விடெரோவின் பெயர் மட்டும் இருக்கிறது; பழியிலும் புகழிலும் பங்கு பலருக்கு உண்டு.

ஆபத்து நீங்கிவிட்டதென்றும் சொல்வதற்கில்லை. 2010 டிசம்பரில் ஸ்வோல்வாருக்கு இறங்கவிருந்த டேஷ் 8 ஒன்று திடீர்க் காற்றில் கட்டுப்பாடிழந்து கடலை நோக்கிச் சரிந்தது, நீர்மட்டத்துக்கு மிக அருகே வந்து மீண்டது. உயிர்ச்சேதம் இல்லாததால் அது எண்ணிக்கையில் சேரவில்லை, அவ்வளவுதான்.

இப்போதைய சிக்கல் வேறு. 800 மீட்டரில் இறங்கி நாற்பது பேரை ஏற்றக்கூடிய புதிய விமானத்தை இன்று எவரும் தயாரிப்பதில்லை. சிறிய டேஷ் 8களின் உற்பத்தி நின்று பல ஆண்டுகளாயிற்று. அவற்றின் ஆயுள் வரம்பைத் தயாரிப்பாளர்கள் 80,000 பறப்புகளிலிருந்து 1,20,000ஆக நீட்டித்துத் தந்திருக்கிறார்கள். மின்சாரத்தில் ஓடும் சிறு விமானத்துக்காக இத்தாலியின் டெக்னாம் நிறுவனத்தோடு விடெரோ இறங்கிய முயற்சியை 2023இல் டெக்னாம் நிறுத்திவைத்தது. 2024 தொடக்கத்தில் நார்வீஜியன் விமான நிறுவனம் விடெரோவை வாங்கியது; உடைமை மாறினாலும் ஓடுதளத்தின் நீளம் மாறுவதில்லை.

1968இல் திறந்த நான்கு நிலையங்களில் மோ இ ராணாவுக்குப் பெரிய விமானங்கள் இறங்கும் புதிய நிலையம் கட்டப்படுகிறது. புரொன்னெய்சுந்த், சாண்ட்நெஸ்ஷோன் ஓடுதளங்கள் பிற்காலத்தில் நீட்டப்பட்டன. நம்சோஸில் இன்றும் எண்ணூற்றுச் சொச்சம் மீட்டர்தான்.