வாக்குறுதிக்குக் காவல் இருந்தவர்கள்
ஃபிலடெல்பியா அரசு வழக்கறிஞர் தேர்தலும் அதற்குப் பின்னும்



நினைவுச் சொற்பொழிவில் கடல் கடந்த ஒரு நகரத்தின் கதையை ஏன் சொல்ல வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் சபையிடம் கறுப்பின மக்கள் கொடுக்கவிருந்த மனுவின் நகலைக் கேட்டார். நம் வழக்கை நடத்த அவர்கள் வழக்கு உதவும் என்று அவர் கருதினார். 1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரை எடுத்துக்கொண்டதும் அங்கிருந்துதான். அந்த வழியில்தான் இன்று அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் ஊரில் அரசு வழக்கறிஞரை அரசு நியமிக்கிறது. ஆட்சி மாறினால் அவரும் மாறுகிறார். அமெரிக்காவில் 45க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இந்தப் பதவிக்கு மக்கள் வாக்களிக்கிறார்கள். யார் மீது வழக்குப் போடுவது, எந்தப் பிரிவில் போடுவது, ஜாமீனுக்கு எவ்வளவு பணம் கேட்பது, மரண தண்டனை கோருவதா வேண்டாமா என்பதெல்லாம் அவர் கையில். அங்கே தண்டனைகளில் மிகப் பெரும்பாலானவை விசாரணையே இல்லாமல் முடிகின்றன. குற்றம் சாட்டப்பட்டவர் பேரத்துக்கு உடன்பட்டு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று சொல்லிவிடுவார். அந்தப் பேரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் அரசு வழக்கறிஞர். நீதிபதியைவிட அவருக்கு அதிகாரம் அதிகம் என்று சொன்னால் மிகையில்லை. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு வழக்கறிஞர்களில் 95 விழுக்காட்டினர் வெள்ளையர்கள். சிறையை நிரப்புவது யார், நிரப்பப்படுவது யார் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

யார் மீது வழக்கு, யார் மீது இல்லை

1985 மே 13 அன்று ஃபிலடெல்பியாவின் ஓசேஜ் தெருவில் 'மூவ்' என்ற கறுப்பின அமைப்பினர் வாழ்ந்த வீட்டின்மேல் காவல்துறை ஹெலிகாப்டரிலிருந்து வெடிகுண்டு போட்டது. தீப்பிடித்தது. அணைக்காமல் எரியவிட்டார்கள். 11 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். சுற்றியிருந்த 61 வீடுகள் சாம்பலாயின. குண்டு போடச் சொன்னவர்கள், போட்டவர்கள், எரியவிட்டவர்கள் என ஓர் அதிகாரி மீதும் குற்ற வழக்கு இல்லை. அந்த வீட்டிலிருந்து உயிர் பிழைத்த ஒரே வயது வந்தவரான ரமோனா ஆஃப்ரிக்கா என்ற பெண்தான் 7 ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

கீழ்வெண்மணியைப் பற்றிப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எரிந்தவர்கள் பக்கம் சட்டம் நிற்கவில்லை.

கறுப்பினத்தவர் என்பதற்காக ஒருவரை ஜூரியிலிருந்து விலக்கக் கூடாது என்று 1986இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேட்சன் வழக்கில் தீர்ப்பளித்தது. அதே காலத்தில் ஃபிலடெல்பியா அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் இளம் வழக்கறிஞர்களுக்குப் பயிற்சி தர ஒரு வீடியோ எடுத்தார்கள். ஏழைப் பகுதிகளிலிருந்து வரும் கறுப்பினத்தவர்களை ஜூரியில் எப்படித் தவிர்ப்பது என்பதும் அதில் ஒரு பாடம். 1997இல்தான் அது வெளியே வந்தது. அதையும் மனசாட்சியால் வெளியிடவில்லை. அந்த வீடியோவில் பேசியவர் தேர்தலில் எதிர்த்து நின்றதால் அன்றைய அரசு வழக்கறிஞர் வெளியிட்டார். அவர் லின் ஆப்ரஹாம். 1991 முதல் 2010 வரை பதவியில் இருந்தார். அவர் காலத்தில் 100க்கும் மேற்பட்ட மரண தண்டனைகளை அந்த அலுவலகம் வாங்கியது. அவருக்குப் பின் வந்த சேத் வில்லியம்ஸ் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். அவர் 2017இல் லஞ்ச வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். நம்மில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது எவ்வளவு பெரிய மயக்கம் என்று அந்த மக்கள் அன்று பார்த்தார்கள்.

வாசல் வாசலாகப் போனவர்கள்

2017 தேர்தலில் லாரி கிராஸ்னர் நின்றார். வெள்ளையர். காவல்துறைக்கு எதிராகப் பல வழக்குகளை நடத்தியவர். போராட்டக்காரர்களுக்காக வாதாடியவர். அரசுத் தரப்பில் ஒரு நாள்கூட வேலை செய்யாதவர். மரண தண்டனை கோர மாட்டேன், ஜாமீனுக்குப் பணம் கேட்கும் முறையை ஒழிப்பேன், கூட்டம் கூட்டமாகச் சிறையில் அடைப்பதை நிறுத்துவேன் என்று சொன்னார். மே மாதம் நடந்த கட்சியின் உள்தேர்தலில் 7 பேர் போட்டியிட்டார்கள். அவர் 38 விழுக்காட்டில் வென்றார். நவம்பரில் சுமார் 75 விழுக்காடு வாக்குகள் வந்தன.

அவரது பேச்சாற்றலால் மட்டும் இந்த வெற்றி வரவில்லை. பெரும் பணக்காரர் ஒருவரின் பணம் இந்தத் தேர்தலில் புகுந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தெருவில் நடந்த வேலை வேறு. சிறையிலிருந்து திரும்பியவர்களே கதவைத் தட்டி, இந்தத் தேர்தல் எதற்காக என்று விளக்கினார்கள். பென்சில்வேனியாவில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு வாக்குரிமை உண்டு. பரோலில் இருந்தாலும் உண்டு. பலருக்கு அது தெரியாது. அமைப்புகள் ஒன்றுகூடி எல்லா வேட்பாளர்களையும் மேடையேற்றிக் கேள்வி கேட்டு, பதில்களைப் பதிவு செய்து வைத்தன. அந்தப் பதிவுதான் பின்னால் ஆயுதமானது. 'நீங்கள் இந்தத் தேதியில் இதைச் சொன்னீர்கள்' என்று எடுத்துக் காட்ட முடிந்தது.

வென்ற பிறகு

2018 ஜனவரியில் பதவியேற்ற முதல் வாரத்திலேயே அலுவலகத்திலிருந்து 31 பேரை வெளியே அனுப்பினார் கிராஸ்னர். பிப்ரவரி 21இல், 25 வகைச் சிறு குற்றங்களுக்கு இனி ஜாமீன் பணம் கேட்க மாட்டோம் என்று அறிவித்தார். கஞ்சா வைத்திருந்ததற்கு வழக்கில்லை. தண்டனை கேட்கும்போது அந்தச் சிறைவாசத்துக்கு மக்கள் வரிப்பணம் எவ்வளவு செலவாகும் என்பதையும் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும் என்று தன் வழக்கறிஞர்களுக்கு உத்தரவிட்டார். நாடே பாராட்டியது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான இயக்கங்கள் வீட்டுக்குப் போய்விடும். நம் ஆள் வந்துவிட்டார், அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது, எதிரிக்கு வாய்ப்பாகிவிடும் என்பார்கள். ஃபிலடெல்பியாவில் சிலர் வீட்டுக்குப் போகவில்லை.

அந்நகரத்தில் கைதானவர்களின் ஜாமீன் விசாரணை இரவு பகலாக நடக்கும். கைதானவர் காவல் நிலையத்தில் ஒரு திரையின் முன் இருப்பார். சில நிமிடங்களில் தொகை சொல்லிவிடுவார்கள். தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கட்டினால் வெளியே வரலாம். கட்ட முடியாதவர் உள்ளே. அந்த அறைக்குள் பிலடெல்பியா ஜாமீன் நிதி என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் போய் உட்கார்ந்தார்கள். மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள், சிறைக்குப் போன பிள்ளைகளின் உறவினர்கள். கையில் ஒரு படிவம். என்ன குற்றச்சாட்டு, அரசுத் தரப்பு என்ன கேட்டது, எவ்வளவு தொகை, எத்தனை நிமிடம். 600க்கும் மேற்பட்ட விசாரணைகளைப் பார்த்து எழுதி, 2018 இலையுதிர் காலத்தில் அறிக்கையாக வெளியிட்டார்கள். அறிவிப்பு நல்லதுதான், ஆனால் பணம் கட்ட முடியாதவர்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள் என்பதே அதன் சாரம்.

இரு பொருளியல், சட்ட ஆய்வாளர்கள் தனியே ஆராய்ந்ததிலும் இரண்டு உண்மைகள் தெரிந்தன. ஜாமீன் பணம் இல்லாமல் விடுவிக்கப்பட்டவர்கள் தப்பியோடவில்லை, குற்றங்களும் கூடவில்லை. பணம் இல்லாவிட்டால் பயமிருக்காது என்ற பழைய வாதம் விழுந்தது. ஆனால் நீண்ட நாள் சிறையில் கிடப்பவர்களின் நிலையில் அந்த அறிவிப்பால் மாற்றம் தெரியவில்லை. முதல் உண்மையை அலுவலகம் எடுத்துக்கொண்டது. இரண்டாவதை எடுத்துக்காட்டும் வேலை இயக்கத்துடையது. 2020இல், கொடிய குற்றம் என்று கருதிய வழக்குகளில் அதே அலுவலகம் 9,99,999 டாலர் ஜாமீன் கேட்கத் தொடங்கியபோதும் முதலில் எழுந்து எதிர்த்தவர்கள் இவர்களே. பணமுறையை ஒழிப்பேன் என்றவர் பணத்தையே பூட்டாக்கிவிட்டார் என்றார்கள்.

இன்னொரு மோதல் இன்னும் கசப்பானது. காவலர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் 1981 முதல் சிறையில் இருக்கும் கறுப்பினப் பத்திரிகையாளர் முமியா அபு ஜமால் மறுபடி மேல்முறையீடு செய்யலாம் என்று 2018 டிசம்பரில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். 2019 ஜனவரியில் கிராஸ்னரின் அலுவலகம் அதை எதிர்த்தது. அவருக்காக வாசல் வாசலாகப் போனவர்களே கொதித்தார்கள். யேல் சட்டக் கல்லூரியில் முற்போக்கு மாணவர்களின் மாநாட்டில் சிறப்புரைக்கு அழைக்கப்பட்டிருந்தார். அழைப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஏப்ரலில் அலுவலகம் தன் எதிர்ப்பை விலக்கிக்கொண்டது. அந்த மாணவர்கள் எதிரியின் கையாட்கள் அல்ல. தேர்ந்தெடுத்தவரைத் தேர்ந்தெடுத்த காரணத்துக்கே அவர்கள் திருப்பி இழுத்தார்கள்.

நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் அங்கே ஒரு பாடம் உண்டு. 2017இல் ஓடிக்கொண்டிருந்த கறுப்பினத்தவர் ஒருவரைப் பின்னாலிருந்து சுட்டுக் கொன்ற காவலர் மீது 2018இல் கொலை வழக்குப் போடப்பட்டது. 2022இல் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். கிராண்ட் ஜூரிக்குச் சட்டத்தை அரசுத் தரப்பு சரியாக எடுத்துச் சொல்லவில்லை என்பது காரணம். வன்கொடுமை வழக்கை டிஎஸ்பி நிலை அதிகாரி விசாரிக்கவில்லை என்ற ஒரே காரணத்தில் குற்றவாளிகள் வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் நாம். நடைமுறைப் பிழை எப்போதும் யாருக்குச் சாதகமாகிறது என்று நமக்குத் தெரியும்.

எதிர்ப்பு வந்த திசை

மறுபக்கம் சும்மா இருக்கவில்லை. காவலர் சங்கம் 2021 உள்தேர்தலில் அவரை வீழ்த்த முழு மூச்சாக இறங்கியது. எதிர்த்து நின்றவர், அவர் வெளியே அனுப்பிய 31 பேரில் ஒருவர். அந்த ஆண்டு நகரில் 562 கொலைகள். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்களே. இதை நாம் கடந்து போய்விடக் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், சீர்திருத்தத்தைப் பற்றிக் கேள்வி கேட்க முழு உரிமை உள்ளவர். அப்படிக் கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனாலும் மிக அதிகமாகச் சுடப்பட்ட, மிக அதிகமாகச் சிறைக்குப் போன பகுதிகளே அவருக்குப் பெருவாரியாக வாக்களித்தன. கிராஸ்னர் வென்றார். 2022 நவம்பரில் மாநிலச் சட்டமன்றம் 107க்கு 85 என்ற வாக்கில் அவர் மீது பதவிநீக்கத் தீர்மானம் கொண்டு வந்தது. மேலவையில் விசாரணை நடக்காமலே அது முடிந்தது. 2024இல் கொலைகள் 269 ஆகக் குறைந்தன. கொலை கூடியதற்கு அவரைக் காரணம் சொன்னவர்கள், குறைந்ததற்கு அவரைக் காரணம் சொல்லவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒருவராக இருக்க முடியாது என்பதே நேர்மையான பதில்.

கணக்கையும் சரியாகச் சொல்ல வேண்டும். நகரச் சிறைகளில் 2015இல் சுமார் 8,000 பேர் இருந்தார்கள். சில ஆண்டுகளில் அது 5,000க்குக் கீழே வந்தது. அந்தக் குறைவு கிராஸ்னர் வருவதற்கு முன்பே தொடங்கியது. தவறாகத் தண்டிக்கப்பட்ட 20க்கும் மேற்பட்டோர் அவரது முதல் பதவிக் காலத்தில் விடுதலையானார்கள். அவர்களில் சிலர் இளமை முழுவதையும் உள்ளே கழித்தவர்கள். மரண தண்டனை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று 2019இல் அவரது அலுவலகமே மாநில உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டது. 1978க்குப் பின் நகரில் விதிக்கப்பட்ட 155 மரண தண்டனைகளில் 72 விழுக்காடு பிறகு ரத்தாகிவிட்டதை எடுத்துக்காட்டியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் அரசே தன் கணக்கைத் தானே திறந்து காட்டியது சிறிய விஷயமல்ல.

நமக்கு

தோழர்களே, நமக்கு இந்தத் தேர்தல் இல்லை. ஆனால் கையில் சட்டம் இருக்கிறது. வன்கொடுமை தடுப்பு விதிகள் 1995, விதி 4ஐ எடுத்துப் பாருங்கள். சிறப்பு அரசு வழக்கறிஞர்களின் செயல்பாட்டை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், மாவட்ட ஆட்சியர் ஆய்வு செய்து அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தலாம். 2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவு, ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டவர் பேசும் உரிமையைத் தருகிறது.

உங்கள் மாவட்டத்தில் சென்ற ஜனவரியில் அந்த ஆய்வு நடந்ததா? அறிக்கையில் என்ன இருக்கிறது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனு போட்டால் கேட்கலாம். சட்டம் படிக்கும் மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்தால், வாரத்தில் ஒரு நாள் சிறப்பு நீதிமன்றத்தின் பின்வரிசையில் போய் உட்காரலாம். சாட்சி வந்தாரா, அரசு வழக்கறிஞர் வந்தாரா, வாய்தா யார் கேட்டார், பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் கொடுத்தார்களா என்று ஒரு நோட்டில் எழுதலாம். ஆறு மாதத்தில் அந்த நோட்டு ஓர் ஆவணமாகிவிடும். 'பிறழ் சாட்சி' என்று எழுதி முடித்துவிடும் வழக்குகளில், அந்தச் சாட்சி எத்தனை முறை வந்து காத்திருந்து திரும்பிப் போனார் என்பது வேறெங்கும் பதிவாவதில்லை.

மேடையில் சொன்ன வாக்குறுதிக்குச் சாட்சி வேண்டும். ஃபிலடெல்பியாவில் அந்தச் சாட்சியாக இருந்தவர்கள் பெரிய தலைவர்கள் அல்ல. ஒரு படிவத்தோடும் பேனாவோடும் ஜாமீன் அறையின் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தவர்கள். நம் நீதிமன்றங்களிலும் அந்தப் பின்வரிசை காலியாகத்தான் இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை யார் போகிறீர்கள் என்று கேட்டு என் உரையை முடிக்கிறேன்.

ஜெய்பீம்.