நூறு ரூபாய் ஒலிப்பதிவாளர்

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் குறும்படம் எடுத்தார். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பழைய லயத்தில் நான்கு நாள் படப்பிடிப்பு. பட்ஜெட் போடும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேமரா வாடகை, லைட், சாப்பாடு, லோரி எல்லாவற்றையும் தாண்டி கடைசி வரியில் சவுண்ட் இருந்தது. ஒலிப்பதிவாளர் ஒருவர், பூம் பிடிக்க ஒருவர், கருவி வாடகை. "சவுண்டுக்கு எதுக்கு ரெண்டு பேரு? கேமராவுலயே மைக் இருக்குலா. மத்தத அப்புறம் டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றார் செலவைக் கவனித்தவர். அந்த வரி அடிபட்டது.

படம் முடிந்து திரையிட்டபோது பாட்டியாக நடித்த அம்மாவின் குரல் அதில் இல்லை. ஜெனரேட்டர் இரைச்சலில் அவர் பேசியது எதுவுமே தேறவில்லை. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். இருட்டறையில் நின்று தன் உதட்டசைவைப் பார்த்துப் பேச அவருக்கு வரவில்லை. வேறொரு பெண் பேசினார். பிழையில்லாத தமிழ்தான். ஆனால் அந்த முகத்தின் தமிழ் அல்ல.

இந்த 'அப்புறம் பாத்துக்கலாம்' எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், இந்திய சினிமா பேசத் தொடங்கிய முதல் படத்துக்கே போக வேண்டியிருக்கிறது.

1931 மார்ச் 14-இல் பம்பாயில் 'ஆலம் ஆரா' வெளியானது. அதை எடுத்த அர்தேஷிர் இரானிக்கு ஒலிப்பதிவு புதிது. கருவியைப் பொருத்திக் காட்ட வில்ஃபோர்ட் டெமிங் என்ற அமெரிக்கர் வந்திருந்தார். ஒலிப்பதிவு செய்ய அவர் கேட்ட சம்பளம் நாளொன்றுக்கு நூறு ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை, எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று இரானி பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆகவே டெமிங்கிடம் கற்றுக்கொண்டதை வைத்து, ருஸ்தம் பரூச்சா என்பவரின் துணையோடு இரானியே ஒலிப்பதிவில் உட்கார்ந்தார். இந்தியப் பேசும்படத்தில் முதலில் வெட்டுப்பட்ட தினக்கூலி ஒலிப்பதிவாளருடையது.

ஆனால் இரானி அந்த வேலையை வெட்டவில்லை. சம்பளத்தை மட்டும்தான் வெட்டினார். ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் தண்டவாளம் ஓடியதால் ரயில் இல்லாத பின்னிரவில் படமெடுத்தார்கள். ஒலிவாங்கிகளை கேமராவுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தார்கள். பாட்டும் அங்கேயே பாடப்பட்டது; வாத்தியக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே மறைந்திருந்து வாசித்தார்கள். அதே ஆண்டு இரானியின் தயாரிப்பில் வந்த 'காளிதாஸ்' படத்தில் டி.பி. ராஜலக்ஷ்மி தமிழ் பேசினார், கூட நடித்தவர்கள் தெலுங்கு பேசினார்கள். இன்று வேடிக்கையாகத் தெரியும். ஆனால் யார் வாய் திறந்தாரோ அவர் குரல்தான் படத்தில் இருந்தது.

அந்தக் கட்டு முதலில் பாட்டில் அவிழ்ந்தது. 1935-இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் பாடலைத் தனியே பதிவு செய்து, பிறகு நடிகர்களை வாயசைக்க வைத்தது. தமிழில் 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் ஏ.வி. மெய்யப்பன் ஒரு நடிகைக்காக வேறொருவரைப் பாட வைத்தார். இந்தப் பழக்கம் நம் பக்கமும் கப்பலேறி வந்தது. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவுக்கு இயக்குநர்கள் இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்டார்கள். அப்படி வந்த பி.எஸ். ராஜ்ஹன்ஸ் 1948-இல் இயக்கிய 'சிந்தா' படத்தில்தான் பி. ரம்லி அறிமுகமானார். வில்லனாக நடித்த அவர், கதாநாயகனுக்குப் பின்னணியும் பாடினார்.

பாட்டுக்குப் பின் பேச்சும் போனது. ஏ.வி.எம். தயாரித்த கன்னட 'ஹரிச்சந்திரா' 1944-இல் தமிழில் டப் செய்யப்பட்டு வெளிவந்தது. ஒருவர் முகத்துக்கு இன்னொருவர் குரல் ஒட்டும் என்று அது காட்டிவிட்டது. பிறகு ஸ்டூடியோவை விட்டு வெளியே போகும் காலம் வந்தபோது, கையில் இருந்தது ஆரிஃபிளெக்ஸ் 2சி போன்ற கேமராக்கள். எடை குறைவு, விலை குறைவு, ஆனால் தையல் மெஷின் மாதிரி கடகடவென்று சத்தம். அது ஓடுமிடத்தில் நல்ல ஒலி எடுக்க முடியாது. ஆகவே தளத்தில் பதிவாகும் ஒலி, பிறகு டப்பிங் பேச ஒரு வழிகாட்டி மட்டும் என்றானது. 1977-இல் '16 வயதினிலே' தமிழ் சினிமாவை நிஜமான கிராமத்துக்குக் கூட்டிப் போனது. அதைத் தொடர்ந்து கிராமங்கள் திரையில் வரிசையாக வந்தன. கண்ணுக்குக் கிராமம் வந்துவிட்டது. காதுக்கு வந்தது பெரும்பாலும் சென்னை டப்பிங் தியேட்டர்.

கருவி இல்லாததால் இப்படி ஆனது என்று சொல்ல முடியாது. போலந்தில் பிறந்த ஸ்டெஃபான் குடெல்ஸ்கி சுவிட்சர்லாந்தில் 1951-லேயே தோளில் மாட்டிக்கொள்ளும் 'நாக்ரா' ஒலிப்பதிவுக் கருவியைச் செய்துவிட்டார். போலிஷ் மொழியில் அந்தப் பெயருக்கு 'பதிவு செய்யும்' என்று பொருள். தடையாக இருந்தது கூலிக் கணக்கு. தளத்திலேயே ஒலி வேண்டுமென்றால் சத்தம் போடாத கேமரா வேண்டும். இடம் பார்க்கப் போகும்போதே ஒலிப்பதிவாளரையும் அழைத்துப் போக வேண்டும். ஜெனரேட்டரை எங்கே நிறுத்துவது, எந்த நேரத்தில் பக்கத்துச் சாலையில் லோரிகள் ஓடும் என்பதை அவர்தான் கேட்டுச் சொல்வார். கருவி முன் உட்கார ஒருவர், நடிகர் நகர நகர நிழல் விழாமல் பூம் கம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க ஒருவர், சட்டைக்குள் சின்ன ஒலிவாங்கியைச் சரசரப்பு வராமல் ஒட்ட ஒருவர். மூவருக்கும் தினச்சம்பளம். இதோடு நடிகருக்கு வசனம் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். கதாநாயகிக்கு மொழி தெரிந்திருக்க வேண்டும். டப்பிங் இந்தத் தொல்லைகள் அத்தனையையும் ஒரே அறைக்குள் தீர்த்து வைத்தது.

2001-இல் வந்த 'லகான்' கணக்கை மாற்றிப் போட்டது. கட்ச் பகுதியில் புஜ் அருகே வெட்டவெளியில் பெருங்கூட்டத்தை வைத்துக்கொண்டு நகுல் காம்தே வசனங்களைத் தளத்திலேயே பதிவு செய்தார். அந்தப் படத்தின் ஒலிக்கான தேசிய விருதை அவரோடு பகிர்ந்துகொண்டவர் சென்னையின் எச். ஸ்ரீதர். 2004-இல் கமல்ஹாசன் 'விருமாண்டி'யில் மதுரை வட்டாரப் பேச்சைத் தளத்திலேயே பதிவு செய்ய வைத்தார். 2009-இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ரசூல் பூக்குட்டி ஆஸ்கர் வாங்கினார். அந்த 2009-ஆம் ஆண்டின் படங்களிலிருந்து, தளத்தில் ஒலி பதிவு செய்பவருக்கென்று தனி தேசிய விருதும் தொடங்கியது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. 2022 ஜூலையில் அந்த விருது 'டொள்ளு' என்ற கன்னடப் படத்துக்கு அறிவிக்கப்பட்டது. அது தளத்தில் ஒலி எடுத்த படமே இல்லை, டப்பிங் செய்த படம் என்று அதன் ஒலி வடிவமைப்பாளரே வெளிப்படையாகச் சொன்னார். எது தளத்து ஒலி, எது அறைக்குள் ஒட்டிய ஒலி என்று தேர்வுக் குழுவுக்கே பிரித்துக் கேட்கத் தெரியவில்லை. 2024-இல் அறிவித்த விருதுகளில் அந்தப் பிரிவே இல்லை. ஒலி வடிவமைப்பு என்ற ஒரே விருது மட்டும் மிஞ்சியது. ஆக, அங்கேயும் அடிபட்டது அந்த வரிதான்.

இங்கே நமக்கு இது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினை இல்லை. நம் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. அங்கே பேசிய தமிழ், மலாய்ச் சொல்லும் தெலுங்கு இழுப்பும் கலந்த தமிழ், எழுத்தில் பாதிதான் ஏறும். மீதி தொனியில் இருக்கிறது. அதைப் பேசுகிறவர்கள் இருக்கும்போதே, அவர்களை கேமரா முன் நிறுத்திவிட்டு குரலை மட்டும் விட்டுவிடுகிறோம். டப்பிங் கலைஞர்கள் மீது எனக்குக் குறையில்லை. அதுவும் கடினமான உழைப்பு. ஆனால் எண்பது வயதுக் கிழவியின் மூச்சிரைப்பை இருபத்தைந்து வயதுப் பெண் எங்கே போய் வாங்குவார்?

நண்பர் போன வருடம் இன்னொரு படம் எடுத்தார். இந்த முறை சவுண்ட் வரியை கேமராவுக்கு அடுத்து எழுதினார். காசு பத்தவில்லை. படப்பிடிப்பில் ஒரு நாளைக் குறைத்து, இரண்டு பேரை வைத்துக்கொண்டார். வந்த ஒலிப்பதிவாளர் முதல் நாள் காலையில் மேசைக் காற்றாடியை நிறுத்தச் சொன்னார், கோழிகளைத் தள்ளிக் கட்டச் சொன்னார், சுராவில் பாங்கு ஒலிக்கும் நேரங்களைக் குறித்துக்கொண்டார். "இவரு என்னங்க, டைரக்டர விட அதிகமா வேல சொல்றாரு" என்று சிலர் முணுமுணுத்தார்கள். படத்தில் எல்லார் குரலும் அவரவருடையதாக இருக்கிறது.

முதல் படத்தில் நடித்த அந்த அம்மா இப்போது இல்லை. பாட்டி எப்படிப் பேசுவார் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் காட்ட அந்தப் படம் உதவாது.